ஸ்டாண்டப் நடத்துகிறோமா, ‘உள்ளேன் ஐயா’ சொல்கிறோமா?

கேள்வி: 2024 மார்ச் 4

சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. எங்கள் டீம் ‘ஸ்க்ரம்’ முறையில் நடக்கிறது என்கிறார்கள்: வேலையை இரண்டு வாரத் துண்டுகளாக (ஒவ்வொன்றுக்கும் பெயர் ஸ்பிரின்ட்) பிரித்துச் செய்வது. தினமும் ஸ்டாண்டப் என்ற சின்னக் கூட்டம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திட்டமிட பிளானிங், நடந்ததைத் திரும்பிப் பார்க்க ரெட்ரோ, நடுவில் ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்று பாயின்ட் போடுகிற கூட்டம். வேலை செய்யத்தான் நேரம் இல்லை. மேனேஜர்கள் நம்மைக் கண்காணிக்கக் கண்டுபிடித்த வழி இது என்பது என் முடிவு. தவறு என்றால் விளக்குங்கள்.

மார்ச் 4, இரவு 10.15

தம்பி, உங்கள் முடிவில் பாதி சரி. அந்தப் பாதியை நானே செய்திருக்கிறேன். ஒன்றரை வருடம் ஸ்க்ரம் மாஸ்டராக, அதாவது டீம் இந்த முறையைச் சரியாகப் பின்பற்ற உதவுகிறவனாக, இருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் புரோகிராம் எழுதுகிறவன்தான்.

உங்கள் ஸ்டாண்டப் எப்படி நடக்கும் என்று பார்க்காமலே சொல்கிறேன். லீட் (டீமை நடத்துகிறவர்) வேலைப் பட்டியல் இருக்கும் ஜிரா மென்பொருளைத் திறந்து திரையில் போடுவார். வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் மைக்கை ஆன் செய்து ‘நேற்று இதைப் பார்த்தேன், இன்றும் அதைத்தான் பார்க்கப்போகிறேன், பிளாக்கர் எதுவும் இல்லை’ என்று ஒப்பித்துவிட்டு மைக்கை அணைப்பார். மற்ற ஏழு பேரும் தங்கள் முறை வரும்போது என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ சொன்னோமே, அதேதான். ஐயா மட்டும் மாறியிருக்கிறார்.

ஸ்க்ரம் கையேடு என்று ஒன்று இருக்கிறது. ஸ்க்ரமை உருவாக்கிய கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதியது. முதலில் 2010-இல் வந்தது, இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 நவம்பர் பதிப்பு, மொத்தமே பதினைந்து பக்கத்துக்குள்தான். அதில் இந்தத் தினசரிக் கூட்டம் டெவலப்பர்களுக்கானது, 15 நிமிடம், அவ்வளவே. யாரிடமும் கணக்கு ஒப்படைக்கச் சொல்லவில்லை. லீட் என்ற பதவியே அதில் கிடையாது. நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. ‘நேற்று, இன்று, தடை’ என்ற மூன்று கேள்விகள் பழைய பதிப்புகளில் இருந்தன. 2020-இல் அவற்றையும் எடுத்துவிட்டார்கள். நாம்தான் விடமாட்டோம் என்கிறோம்.

மார்ச் 4, இரவு 10.40

நேரம் இல்லை என்றீர்களே, அதற்குக் கணக்கு போட்டுப் பார்த்தேன். இரண்டு வார ஸ்பிரின்ட், 10 நாள், 80 மணி நேரம். பிளானிங் 4 மணி, செய்ததைக் காட்டும் ரிவ்யூ 2, ரெட்ரோ ஒன்றரை, தினம் 15 நிமிடம் என்றால் 10 நாளைக்கு இரண்டரை மணி. கூட்டினால் சரியாக 10 மணி. எட்டில் ஒரு பங்கு. தாத்தா காலத்துக் கணக்கில் அரைக்கால். அரைக்கால் பங்கு பேச்சுக்குப் போனால் குடி முழுகிவிடாது.

மார்ச் 5, காலை 7.50

நேற்றைய கணக்கில் இரண்டு ஓட்டை.

ஒன்று, கையேட்டில் இருப்பது ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்கான உச்சவரம்பு: பிளானிங் 8 மணி, ரிவ்யூ 4, ரெட்ரோ 3. ஸ்பிரின்ட் சின்னதானால் கூட்டமும் பொதுவாகக் குறையும் என்று மட்டும் சொல்கிறது. பாதியாக வெட்டியது நான்.

இரண்டு, வரப்போகும் வேலைகளைப் பிரித்துத் தெளிவாக்கும் ரெஃபைன்மென்ட்டை விட்டுவிட்டேன். நீங்கள் ‘பாயின்ட் போடுகிற கூட்டம்’ என்றது அதைத்தான். பழைய கையேட்டில், பெரும்பாலும் டீமின் நேரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாது என்று ஒரு வரி இருந்தது. இப்போதைய பதிப்பில் அது இல்லை. இருந்தாலும் அந்த 8 மணியையும் சேர்த்தால் 18. அரைக்கால் போய், கால் பங்கை நெருங்கிவிட்டது. அப்புறம் எங்கள் டீமில் ஸ்டாண்டப் 15 நிமிடத்தில் முடிந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. சராசரியாக 40 நிமிடம் ஓடும். அதையும் சேர்த்தால் உங்கள் எரிச்சல் நியாயம்தான். குடி முழுகாது என்றதை வாபஸ் வாங்குகிறேன்.

மார்ச் 5, மதியம் 1.20

கேள்வி கேட்டவர் தம்பி இல்லை, தங்கையாம். தனிமடலில் சொன்னார். மன்னிக்கணும்மா. இந்தத் துறையில் 14 வருடம் இருந்தும் எனக்கு இந்தப் புத்தி.

மார்ச் 5, இரவு 11.05

‘மேனேஜர்கள் கண்காணிக்கக் கண்டுபிடித்தது’ என்ற பகுதிக்கு இப்போதுதான் வருகிறேன். அழைப்பு முடிய 9 ஆகிவிட்டது, ஓஎம்ஆரில் வண்டி நகரவில்லை.

கதை மென்பொருளில் தொடங்கவில்லை. 1986-இல் ஹிரோடகா டகேயுச்சியும் இகுஜிரோ நோனாகாவும் ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’வில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஹோண்டா சிட்டி கார், கேனான் ஏஇ-1 கேமரா மாதிரியான பொருள்களை உருவாக்கிய டீம்கள் எப்படி வேலை செய்தன என்று பார்த்தார்கள். பழைய முறை தொடர் ஓட்டம் மாதிரி: திட்டமிடுகிறவர் ஓடிப்போய் வடிவமைப்பவர் கையில் கோலைக் கொடுப்பார், அவர் தயாரிப்பவரிடம் கொடுப்பார். இந்த டீம்களோ ரக்பி ஆட்டம் போல, எல்லோரும் ஒரே கூட்டமாகப் பந்தைத் தங்களுக்குள் கைமாற்றியபடி முன்னேறின. ஸ்க்ரம் என்ற சொல் அந்த ஆட்டத்திலிருந்து வந்ததுதான்.

1993-இல் சதர்லாண்ட் ஈசல் என்ற கம்பெனியில் இதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். (நம் ஊர் ஈசல் இல்லை. ஆனால் நம் ஊர் ஸ்பிரின்ட்டுகளின் ஆயுளுக்குப் பொருத்தமான பெயர்.) 1995-இல் அவரும் ஷ்வாபரும் அமெரிக்காவின் ஆஸ்டினில் நடந்த ஊப்ஸ்லா என்ற மென்பொருள் மாநாட்டில் முறையாக முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் யூட்டாவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனம் (ஸ்க்ரம் போன்ற முறைகளுக்குப் பொதுவான கொள்கை அறிக்கை) எழுதியபோது இவர்கள் இருவரும் அந்தப் பதினேழில் இருந்தார்கள். ஆக, கண்டுபிடித்தது உங்கள் மேனேஜர் ஜாதி இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த ஜப்பானியக் கட்டுரை அப்படிப்பட்ட டீம்களுக்கு ஆறு இயல்புகளைச் சொல்கிறது. தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்வது ஒன்று. அதே பட்டியலில் ‘நுட்பமான கட்டுப்பாடு’ என்றும் ஒன்று இருக்கிறது. யாரை டீமில் சேர்ப்பது, யாரை மாற்றுவது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றபடி தலையிடாமல் இருப்பது, கூட இருப்பவர்களே ஒருவரை ஒருவர் இழுத்துப் பிடிப்பது, இதெல்லாம் அதில் அடக்கம். ஆக கட்டுப்பாடு முதல் நாளிலிருந்தே இருக்கிறது. நமக்கு வந்து சேரும்போது ‘நுட்பமான’ என்பது மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

மார்ச் 6, காலை 8.10

அம்மாவிடம் ஸ்பிரின்ட் என்றால் என்ன என்று ஒருமுறை விளக்கினேன். ‘வேகமா ஓடுறதுதானே? ரெண்டு வாரம் ஓடிட்டு மூணாவது வாரம் உக்காருவியா?’ என்றார். ‘இல்லம்மா, வெள்ளிக்கிழமை முடியும், திங்கக்கிழமை அடுத்தது ஆரம்பிச்சிரும்.’

‘அப்ப அதுக்குப் பேரு ஓட்டம் இல்ல, செக்கு.’

மார்ச் 6, இரவு 9.30

பாயின்ட் பற்றி வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். அதில் நான் செய்த பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோரி பாயின்ட் (ஒரு வேலையின் அளவுக்குப் போடும் எண்), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரின்ட்டில் முடிக்கும் பாயின்ட்) இரண்டும் ஸ்க்ரம் கையேட்டில் இல்லவே இல்லை. தேடிப் பாருங்கள். யூசர் ஸ்டோரியும் (பயன்படுத்துபவர் பார்வையில் எழுதும் தேவை) பாயின்ட்டும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற இன்னொரு முறையிலிருந்து வந்தவை. சீட்டு காட்டிப் பாயின்ட் போடுகிற விளையாட்டை 2002-இல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதினார், மைக் கோன் பரப்பினார். அந்தப் பதினேழு பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயின்ட்டைத் தான்தான் கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் இப்போது வருந்துகிறேன் என்ற பொருளில் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

நான் வருந்த வேண்டியது வேறு. நான் பார்த்துக்கொண்டது இரண்டு டீம். மாதாந்தரக் கூட்டத்துக்கு ஒரு சார்ட் போட்டேன். முதல் டீம் ஸ்பிரின்ட்டுக்கு 34 பாயின்ட், இரண்டாவது டீம் 21. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தூண், அழகாகப் பச்சை நிறத்தில். மேலிடத்தில் ஒருவர் இரண்டாவது தூணைப் பார்த்து ‘இவங்களுக்கு என்ன ஆச்சு?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூன்றே ஸ்பிரின்ட்டில் இரண்டாவது டீம் 40-ஐத் தொட்டது. வேலை ஒரு அணுகூட ஏறவில்லை. முன்பு 3 போட்ட வேலைக்கு 5 போட்டார்கள், 5-க்கு 8. நகைக்கடையில் சேதாரம் ஏற்றுகிற மாதிரி. முதல் டீம் சும்மா இருக்குமா? அவர்களும் ஏற்றினார்கள். நான்கு மாதத்தில் இரண்டு டீமும் ‘அபார வளர்ச்சி’. கிளையன்ட்டுக்குப் போய்ச் சேர்ந்த பொருள் அதேதான்.

அந்த இரண்டாவது டீமில் இருந்த ஒரு பெண், ரெட்ரோவில், என் முகத்தைப் பார்க்காமல், ‘சார்ட் போடாம இருந்தா நாங்க நிஜத்த சொல்வோம்’ என்றாள். அடுத்த மாதம் சார்ட் போடவில்லை. போடச் சொல்லிக் கேட்டபோது ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன். நேராக மறுத்திருக்க வேண்டும். தைரியம் என்பது ஸ்க்ரமின் ஐந்து விழுமியங்களில் ஒன்று என்று பிளானிங் அறையில் நானே போஸ்டர் ஒட்டியிருந்தேன்.

மார்ச் 7, இரவு 10.20

‘டன்’ (வேலை முடிந்தது) என்றால் என்ன என்ற சண்டை எல்லா டீமிலும் உண்டு. தமிழில் இதற்கு அருமையான அளவு இருக்கிறது: முக்காலே மூணு வீசம். பதினாறில் பதினைந்து. டெவலப்பரிடம் கேளுங்கள், முக்காலே மூணு வீசம் முடிந்தது என்பார். திங்கள்கிழமையும் அதே, வியாழக்கிழமையும் அதே. மீதி ஒரு வீசத்தில்தான் டெஸ்டிங், ரிவ்யூ, சர்வரில் ஏற்றுவது எல்லாம் உட்கார்ந்திருக்கும்.

கையேடு இதில் கறார். முடிந்தது என்பதற்கு டீம் முன்கூட்டியே ஒரு வரையறை வைத்திருக்க வேண்டும். அதைத் தொடாத வேலையை வெளியிடவும் கூடாது, ரிவ்யூவில் காட்டவும் கூடாது, பேக்லாகுக்கு, அதாவது இனி செய்ய வேண்டியவற்றின் பட்டியலுக்கு, திருப்பிவிட வேண்டும். முக்கால் மார்க், அரை மார்க் கிடையாது.

மார்ச் 9, காலை 11.00

சனிக்கிழமை. நிதானமாக எழுதலாம். இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் ஸ்டாண்டப்பையும் பாயின்ட்டையும் திட்டிக்கொண்டே போயிருக்கிறேன். தங்கை கேட்டது தவறா சரியா என்பதற்கு விடை அதில் இல்லை.

ஸ்டாண்டப் ஏன் ‘உள்ளேன் ஐயா’ ஆகிறது? லீட் கெட்டவர் என்பதால் இல்லை. ஆளுக்கொரு டிக்கெட்டை (ஜிராவில் பதிந்த ஒரு வேலை) கையில் கொடுத்துவிட்டால் என் டிக்கெட்டைப் பற்றி உங்களுக்கு என்ன அக்கறை? உங்களுடையதைப் பற்றி எனக்கு என்ன? எல்லோருக்கும் பொதுவாக அக்கறை உள்ள ஒரே ஆள் லீட். அதனால் எல்லோரும் அவரிடம் சொல்கிறார்கள். பேச ஒரு பொது விஷயம் வேண்டும். அதற்குக் கையேடு வைத்திருக்கும் பெயர் ஸ்பிரின்ட் இலக்கு. தினசரிக் கூட்டமே அந்த இலக்கை நோக்கி எவ்வளவு நகர்ந்தோம் என்று பார்க்கத்தான்.

எங்கள் டீமில் நடந்ததைச் சொல்கிறேன். கிளையன்ட் அமெரிக்காவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. நாங்கள் எட்டுப் பேர், டெஸ்டர் ஒரே ஒருவர். ஒரு ஸ்பிரின்ட்டில் 23 டிக்கெட் எடுத்தோம். ஒன்பதாம் நாள் போர்டைப் பார்த்தால் ‘டெஸ்டிங்’ வரிசையில் மட்டும் 16 நிற்கிறது. டெவலப்பர்கள் ஏழு பேரும் ‘எங்க வேலை முடிஞ்சுது’ என்று அடுத்த ஸ்பிரின்ட் வேலையைத் தொட்டுவிட்டார்கள். டெஸ்டர் மட்டும் இரவு 12 மணிக்கும் ஆன்லைனில் பச்சையாகத் தெரிகிறார். அந்த ஸ்பிரின்ட்டின் இலக்கு என்று ஜிராவில் எழுதியிருந்தது: ‘31-ஆவது ஸ்பிரின்ட்டின் வேலைகள்’. எழுதியது நான்.

அடுத்ததில், எந்த வேலை முதலில் வேண்டும் என்று தீர்மானிக்கும் பிராடக்ட் ஓனர் பிடிவாதம் பிடித்தார். ஒரே வாக்கியம் வேண்டும், அதை அந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கொடுக்கும் கிளெய்ம் டிபார்ட்மென்டில் இருப்பவர் படித்தாலும் புரிய வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி எழுதினோம்: ‘விபத்து நடந்த இடத்திலிருந்தே போனில் படம் எடுத்து கிளெய்மோடு சேர்க்க முடிய வேண்டும்.’ இதற்குத் தேவையான டிக்கெட் ஒன்பதுதான். இன்னும் ஐந்து சில்லறை வேலை.

நான்காம் நாள் ஸ்டாண்டப்பில் சர்வர் பக்கம் எழுதுகிற பையன் தானாகவே வாயைத் திறந்தான். பெரிய படம் அனுப்பினால் சர்வர் திருப்பி அனுப்பிவிடுகிறது, போன் கேமராப் படம் எல்லாமே பெரிய படம்தான். அறை அமைதியாகிவிட்டது. அந்த ஒரு சிக்கல் தீராவிட்டால் மற்ற எட்டு டிக்கெட்டும் முடிந்து பயன் இல்லை என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. போன் பக்கம் எழுதுகிறவர், ‘அனுப்புறதுக்கு முன்னாடியே நான் சின்னதாக்கி அனுப்புறேன்’ என்றார். டெஸ்டர், ‘என் அண்ணனோட பழைய போன் இருக்கு, அதுல பார்க்குறேன்’ என்றார். பிராடக்ட் ஓனரிடம் பேசி சில்லறை வேலைகளில் மூன்றைத் தூக்கிப் பேக்லாகில் போட்டோம். அன்று யாரும் யாருக்கும் ஒப்பிக்கவில்லை. கூட்டம் முடிந்த பிறகு மணி பார்த்தேன், 13 நிமிடம்.

மார்ச் 9, மாலை 4.45

அந்தக் கதையின் வாலை விட்டுவிட்டேன். ரிவ்யூவுக்குக் கிளெய்ம் டிபார்ட்மென்ட் அம்மாள் ஒருவரை அழைத்திருந்தோம். வழக்கமாக நாங்கள் ஸ்லைடு ஓட்டுவோம், அவர்கள் தலையாட்டுவார்கள். இந்த முறை ஓனர் அவர் போனிலேயே ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போய், தன் காரையே படம் எடுத்து அனுப்பினார். எங்கள் திரையில் கார் செங்குத்தாக நின்றது. மூக்கு வானத்தைப் பார்க்கிறது.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில், எந்தப் பக்கம் மேல் என்ற தகவல் படத்துக்குள் தனியாக எழுதப்பட்டிருக்கும். நாங்கள் படத்தைச் சின்னதாக்கும்போது அந்தத் தகவல் கழன்றுவிட்டது. டெஸ்டர் எடுத்த படங்கள் எல்லாமே போனைப் படுக்கவாட்டில் பிடித்து எடுத்தவை. அம்மாள் சிரித்துவிட்டு, ‘இந்த விபத்து ரொம்ப மோசம்தான்’ என்றார். ஸ்லைடு ஓட்டியிருந்தால் உண்மையான விபத்து நடந்த அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

மார்ச் 11, மாலை 6.05

நேற்று நியூயார்க்கில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். கிளையன்ட்டுக்கு எப்போதும் காலை 9 மணி அழைப்புதான். நமக்கு இரவு 7.30-க்கு வந்தது இன்றிலிருந்து மாலை 6.30. நவம்பர் வரைக்கும் இந்த நிம்மதி.

மார்ச் 12, இரவு 9.15

‘ஸ்பிரின்ட்டில் எடுத்ததை முடிக்காவிட்டால் திட்டு விழுகிறது, கமிட் பண்ணினோம் அல்லவா?’ என்று தங்கை கேட்கிறார். 2011 பதிப்பிலேயே, எடுத்த வேலை எல்லாவற்றையும் முடிப்பதாக வாக்குக் கொடுப்பது என்பதை நீக்கிவிட்டு, முன்கணிப்பு என்று மாற்றிவிட்டார்கள். வாக்குறுதி இலக்குக்குத்தான், டிக்கெட் எண்ணிக்கைக்கு இல்லை. வழியில் புதிதாக ஒன்று தெரியவந்தால் ஓனரோடு பேசி வேலையின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். நாங்கள் அந்த மூன்றைத் தூக்கிப் போட்டது இந்த விதிப்படிதான். அப்போது விதி என்று தெரியாமலே செய்தோம்.

இதை உங்கள் லீடிடம் சட்டம் பேசுவது போலச் சொல்லாதீர்கள். அப்ரைசல் மார்ச்சில்தானே?

மார்ச் 14, மாலை 6.10

தங்கை எழுதியிருக்கிறார். இன்று பிளானிங்கில், ‘இந்த ஸ்பிரின்ட்டின் இலக்கு என்ன?’ என்று கேட்டாராம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். அப்புறம் லீட், ‘எல்லா டிக்கெட்டையும் முடிப்பதுதான்’ என்றாராம்.

அவரைக் கோபிக்க எனக்கு உரிமை இல்லை, ‘31-ஆவது ஸ்பிரின்ட்டின் வேலைகள்’ எழுதியவன் நான். ஒன்று செய்யுங்கள்: நீங்கள் எடுத்த டிக்கெட் பட்டியலை, கம்பெனி விவரம் எதுவும் இல்லாமல், பொதுவான சொற்களில் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள். அதில் எந்த நான்கைந்து டிக்கெட் ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறது என்று சேர்ந்து பார்ப்போம். ஒட்டவே ஒட்டாவிட்டால் அதையும் ரெட்ரோவில் சொல்லலாம். எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன், 6.28. அழைப்புக்குப் போகிறேன்.